அந்த மனுவில் நாம் கையெழுத்திட மாட்டோம்



கனடாவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோர் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரு வேண்டுகோள் வைத்தனர். அங்குள்ள பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் அந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் மூலிகைகளைக் கொளுத்திப் புகையெழுப்பும் சடங்கொன்றை நடத்துகிறார்களாம். அதைத் தடை செய்யக் கோரி நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும். அதற்கு மார்க்க ஆதாரங்களைத் திரட்டித் தர வேண்டும் என்பது வேண்டுகோள். மனுவின் வரைவையும் நமக்குக் காட்டினார்கள். அதில் இணைவைத்தல் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தீயணைப்பு எச்சரிக்கைக் கருவி ஒலித்துவிடும், ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுத் திணறும், கட்டடத்துக்கு ஆபத்து என்ற மூன்று காரணங்கள் மட்டுமே இருந்தன.

நம்மால் அப்படி எழுத முடியாது என்று சொல்லிவிட்டோம். ஏன் முடியாது என்பதை எல்லோரும் அறிய இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சடங்கு என்னவென்று அறிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அதை ஸ்மட்ஜிங் என்கிறார்கள். சேஜ் என்னும் மூலிகை, ஸ்வீட்கிராஸ் என்னும் நறுமணப் புல், சீடர் மரத்தின் இலை, புகையிலை ஆகியவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ சிப்பியிலோ கிண்ணத்திலோ வைத்துக் கொளுத்துவார்கள். சுடர் அடங்கிப் புகை எழும். அந்தப் புகையைக் கைகளால் அள்ளித் தலைக்கும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கொண்டு செல்வார்கள். உள்ளம் தூய்மையடைய வேண்டும் என்பது நோக்கம். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பரீட்சைக்கு முன், கூட்டம் தொடங்கும் முன், துக்கம் நேர்ந்தபோது செய்வார்கள். வெள்ளிக்கிழமை இரவு வந்தால் தூபக்காலில் சாம்பிராணி போடும் நம் வீட்டுப் பெரியம்மாக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. (சாம்பிராணியும் பாத்திஹாவும் பற்றி நமக்குள் இருக்கும் சண்டை தனி. அதை இங்கே இழுத்து வர நாம் விரும்பவில்லை.)

அந்த மக்களுக்கு இது ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது? கனடா அரசு 1884-இல் இந்தியர் சட்டத்தைத் திருத்தி, பொட்லாட்ச் போன்ற பூர்வகுடிச் சடங்குகளைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்தத் தடை 1951 வரை சட்டத்தில் இருந்தது. இன்னொரு பக்கம், 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். அங்கே அவர்களுடைய மொழியும் வழிபாடும் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டன. பலர் வீடு திரும்பவே இல்லை. இந்தக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் தன் பணியை முடித்து, 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. கல்வியின் பெயரால் எந்த வழிபாடு அழிக்கப்பட்டதோ, அதே வழிபாடு இன்று கல்விக்கூடத்துக்குள் திரும்பி வந்திருக்கிறது. அந்த வாசலில் போய் நின்று ‘நிறுத்து’ என்று சொல்லும் வேலைக்கு நம் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறார்கள்.

மனுவின் மீது நமக்குள்ள முதல் குற்றச்சாட்டு, அது பொய் சொல்கிறது என்பதே. எழுதியவரின் உள்ளத்தில் இருப்பது இணைவைத்தல் பற்றிய வெறுப்பு. தாளில் இருப்பது தீயணைப்பு விதி. புகைதான் கவலையென்றால், ‘எந்த அறையில், எந்த நேரத்தில், எத்தகைய காற்றோட்டத்துடன் செய்யலாம்’ என்று கேட்டிருப்பார்கள். ‘எங்குமே செய்யக் கூடாது’ என்று கேட்பவருக்குக் கவலை புகையைப் பற்றியதாக இருக்க முடியாது. ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொல்லிக் காரியம் சாதிப்பதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று மக்தபில் படிக்கும் பிள்ளையே சொல்லும்.

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது. இதே ஆயுதத்தால் நாம் அடிபட்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் டியர்பார்ன் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகக் கிளையில் முஸ்லிம் மாணவர்கள் வுளூ செய்யக் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவினார்கள். தரை ஈரமானது, வழுக்கும் ஆபத்து என்று புகார் எழுந்தது. புகாரில் உண்மையும் இருந்தது. நிர்வாகம் என்ன செய்தது? வுளூவைத் தடை செய்யவில்லை. 2007-இல் சுமார் 25,000 டாலர் செலவில் கால் கழுவும் தொட்டிகள் அமைக்க முடிவெடுத்தது. ஒரு மதத்துக்குச் சலுகை என்று நாடெங்கும் கூச்சல் எழுந்தது. தரையின் பாதுகாப்புக்காகச் செய்கிறோம் என்று பல்கலைக்கழகம் தன் முடிவில் நின்றது.

டொரான்டோவில் வேலி பார்க் நடுநிலைப்பள்ளியில், ஜும்ஆவுக்காக மாணவர்கள் பள்ளியைவிட்டு வெளியேறுவதும் பலர் வகுப்புக்குத் திரும்பாமல் போவதும் வழக்கமாக இருந்தது. அதனால் உணவுக்கூடத்திலேயே ஜும்ஆ நடத்த அனுமதிக்கப்பட்டது. 2011-இல் அது வெளியே தெரிந்ததும், அரசுப் பள்ளிக்குள் தொழுகையா என்று எதிர்ப்பு கிளம்பியது. அப்போது நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? ‘யாருக்கும் இடையூறு இல்லை, அரை மணி நேர வேலை, விரும்பாதவர் வரத் தேவையில்லை’ என்றார்கள். அன்று நம் வாயில் நியாயமாக இருந்த சொற்கள் இன்று பூர்வகுடி மாணவன் வாயில் எப்படி அநியாயமாகிவிடும்?

பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று அல்லாஹ் எச்சரித்திருக்கிறான். அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் அப்படித்தான் தொடங்குகிறது. நூல் எடைபோட்டு வாங்கி, துணி அளந்து கொடுக்கும் நெசவாளர் ஊர் நமது பொதட்டூர்பேட்டை. எடைக்கல்லைப் பற்றிய இந்த வசனத்துக்கு இங்கே யாருக்கும் தஃப்ஸீர் தேவைப்படாது. மரியாதையையும் உரிமையையும் இரண்டு எடைக்கற்களால் நிறுப்பவனுக்கு மட்டும் இந்த வசனம் பொருந்தாது என்று எவர் சொன்னது?

‘அதெல்லாம் சரி உஸ்தாத், இணைவைப்புக்கு இடம் கொடுக்கச் சொல்கிறீர்களா?’ என்று ஒரு தந்தை கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

இடம் கொடுப்பது பல்கலைக்கழகம், நாமல்ல. தடுப்பதற்கு நமக்கு என்ன ஆதாரம் என்பதுதான் கேள்வி. நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக்குழு மதீனாவுக்கு வந்தபோது, அவர்களுடைய தொழுகை நேரம் வந்துவிட்டது. அவர்கள் மஸ்ஜிதுந் நபவியின் உள்ளேயே எழுந்து நின்றார்கள். தடுக்க நினைத்தவர்களிடம், அவர்களை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவர்கள் கிழக்கு நோக்கித் தொழுதார்கள். இப்னு இஸ்ஹாக் பதிவு செய்த இந்தச் செய்தியை இப்னுல் கய்யிம் ஸாதுல் மஆதில் எடுத்தாள்கிறார். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய அவர்களுடைய கொள்கையை மறுத்து அவர்களுடன் வாதம் நடந்ததும் அதே சந்திப்பில்தான். கொள்கையில் ஓர் அணுவளவும் இறங்கி வராமலேயே பள்ளிவாசலின் தரையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

இன்னும் தொலைவுக்குப் போவோம். நெருப்பை முன்வைத்து வணங்கும் மஜூஸிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தவ்ஹீதிலிருந்து அதைவிட விலகிய வழிபாடு ஒன்றைச் சொல்வது கடினம். அவர்களை எப்படி நடத்துவது என்று உமர் (ரலி) அவர்கள் தயங்கியபோது, ஹஜர் பகுதி மஜூஸிகளிடம் நபி (ஸல்) அவர்கள் ஜிஸ்யா பெற்றுக்கொண்டதை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் சாட்சியாகச் சொன்னார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. அதன்பின் அவர்கள் பாதுகாப்புக்குரிய குடிமக்கள் ஆனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களான பார்ஸிகள் நம் சென்னை இராயபுரத்தில் 1910-இல் ஒரு அக்கினிக் கோயில் கட்டினார்கள். அணையா நெருப்பைப் பேணும் அந்தக் கட்டடத்தால் இராயபுரத்து முஸ்லிம்களின் ஈமான் கருகிவிட்டதா?

பார்ப்பது வேறு, பங்கேற்பது வேறு. இதை நம் ஊர்க்காரர்களுக்குப் படித்துத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. திருத்தணி மலைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் நம் தெருக்களைக் கடந்துதான் போகின்றன. ஆயுத பூஜையன்று விசைத்தறிக் கூடத்தில் கற்பூரம் ஏற்றுவார்கள். அங்கே வேலை செய்யும் நம் சகோதரர் வாசற்படிக்கருகே நிற்பார். தட்டு தம் பக்கம் வரும்போது நெஞ்சில் கைவைத்து ‘வேண்டாங்க அண்ணா’ என்பார். முதலாளியும் சிரித்தபடி நகர்ந்துவிடுவார். ஒருவருக்கும் மனக்கசப்பு இருக்காது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறோம். தறிக்கூடம் முழுக்கப் பஞ்சுத் துகள் படிந்திருக்கும். ஒரு பொறி போதும். அதனால் முந்தின நாளே கூட்டிப் பெருக்கி, நூல்கட்டுகளை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். பஞ்சு தீப்பிடிக்கும் என்பதால் பூஜையே கூடாது என்று எவரும் சொன்னதில்லை. தட்டை எங்கே வைப்பது என்று மட்டும்தான் பேச்சு.

நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டை ஏற்றிருக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் போர்ட் அல்பெர்னி என்னும் ஊரில், 2015-இல் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பில் பூர்வகுடி மூதாட்டி ஒருவர் இந்தத் தூபச் சடங்கைச் செய்து காட்டினார். தம் பிள்ளைகளின் மதச் சுதந்திரம் பறிபோனது என்று ஒரு கிறிஸ்தவத் தாய் வழக்குத் தொடுத்தார். பிள்ளைகள் சடங்கில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தப்பட்டதாக நிறுவப்படவில்லை என்று 2020-இல் மாகாண உச்சநீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் நாட்டில் இதன் மறுபக்கம் 1986-இல் தீர்ந்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. எழுந்து நிற்கலாம், வாய் திறக்காமலும் இருக்கலாம்.

ஆகவே கனடாவில் இருக்கும் நம் பிள்ளைக்கு வழி தெளிவானது. புகையைத் தன் மீது அள்ளிக்கொள்ள வேண்டாம். கிண்ணம் அருகே வந்தால் பணிவோடு ஒதுங்கிக்கொள்ளட்டும். உள்ளே இருக்க மனம் ஒப்பவில்லையென்றால் முன்னதாகவே சொல்லிவிட்டு வெளியே காத்திருக்கட்டும். அந்தச் சடங்கை நடத்தும் பெரியவர்கள் விருப்பமில்லாதவரை வற்புறுத்துவதில்லை. அப்படியும் எவராவது வற்புறுத்தினால் அன்று மனு எழுதுவோம். முதல் கையெழுத்து நம்முடையதாக இருக்கும்.

இனி நெருப்பைப் பற்றிப் பேசுவோம். மனுவில் அது சாக்காக இருக்கலாம். உலகில் அது சாக்கு அன்று.

1997-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 அன்று மினாவில் ஹாஜிகளின் கூடாரங்கள் பற்றி எரிந்தன. சமையல் எரிவாயு அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, காற்றோடு சேர்ந்து சுமார் 70,000 கூடாரங்களைச் சாம்பலாக்கியது. அரசுக் கணக்குப்படி 343 பேர் ஷஹீதானார்கள். நம் நாட்டு ஹாஜிகள் பலரும் அதில் இருந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்காகப் போட்டிருந்த யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பட்டாசுப் பொறி ஓலைப் பந்தலில் விழுந்தது. தீ எவருடைய கலிமாவையும் கேட்டுவிட்டு எரிவதில்லை.

மினாவில் அதன்பின் நடந்ததைப் பாருங்கள். எவரும் ஹஜ்ஜை நிறுத்தச் சொல்லவில்லை. துணிக் கூடாரங்கள் போயின. டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைக் கூடாரங்கள் வந்தன. அவை எளிதில் தீப்பிடிப்பதில்லை. கூடாரங்களுக்குள் எரிவாயு அடுப்பு தடை செய்யப்பட்டது. வணக்கம் அப்படியே இருந்தது. அது நடக்கும் இடம் மாறியது. அறிவுள்ள நிர்வாகம் செய்வது இதுதான். பூர்வகுடி மாணவர் விஷயத்திலும் இதைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பவை ஒன்றும் பெரிய வித்தையல்ல. புகையைக் கண்டறியும் கருவிகளில் ஒரு வகை உள்ளே ஓர் ஒளிக்கதிரை வைத்திருக்கிறது. துகள்கள் நுழைந்து ஒளி சிதறினால் மணி அடிக்கும். அது சேஜ் புகையா, எரியும் மேசையா என்று அதற்குத் தெரியாது. ஆகவே சடங்கு நடக்கும் நேரத்தைக் கட்டடப் பராமரிப்புத் துறைக்கு முன்பே சொல்லிவிட்டால், அந்த ஓர் அறையின் கருவியை மட்டும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைத்து, முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்குவார்கள். அதுவரை பொறுப்பான ஒருவர் அறையை விட்டு நகராமல் இருக்க வேண்டும். சடங்குக்கென்றே ஓர் அறையை ஒதுக்கினால், அங்கே வெப்பத்துக்கு மட்டும் ஒலிக்கும் கருவியைப் பொருத்தலாம். புகை மற்ற அறைகளுக்குப் பரவாமல் நேரே வெளியேறும்படி காற்றுப்போக்கியும் வைக்கலாம். கிண்ணம் தீப்பிடிக்காததாக, அடியில் மணலோடு இருக்கட்டும். திரைச்சீலைக்கும் காகித அடுக்குக்கும் தொலைவாக இருக்கட்டும். தணல் முழுவதும் அணைந்து ஆறும்வரை எவரும் கலைந்து போகக் கூடாது. கதவில் முன்கூட்டியே ஓர் அறிவிப்பு, மூச்சுக்கோளாறு உள்ளவர் வேறு வழியாகச் செல்வதற்கு. கனடாவில் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே இப்படித்தான் விதி வகுத்திருக்கின்றன. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் ஒன்டாரியோ மாகாணச் சட்டமே, பூர்வகுடி நோயாளி கேட்டால் மருத்துவமனைக்குள் புகையிலைச் சடங்குக்கென ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. மருத்துவமனையில் முடிவது வகுப்பறைக் கட்டடத்தில் முடியாதாம்!

தீ விஷயத்தில் எச்சரிக்கை மேற்கத்தியர் கற்றுத்தந்தது என்றும் எவரும் எண்ண வேண்டாம். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு எரிந்துபோனது. செய்தி எட்டியபோது, நெருப்பு உங்கள் பகைவன் என்றும், உறங்கும் முன் அதை அணைத்துவிடுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடலாம் என்பதுவரை எச்சரித்தார்கள். அதே மதீனாவில், மஸ்ஜிதுந் நபவியில் நறுமணப் புகை போட்ட காரணத்தாலேயே ‘அல்முஜ்மிர்’ என்று பெயர் பெற்ற நுஅய்ம் என்னும் ஹதீஸ் அறிவிப்பாளரும் வாழ்ந்தார். எச்சரிக்கையும் தூபமும் ஒரே ஊரில் இருந்தன.

பிறருடைய மூச்சைப் பற்றியும் நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஆகவே ஆஸ்துமா உள்ள மாணவியின் முறையீடு அற்பமானதன்று. அவளுக்காகப் பேச வேண்டியதும் நம் கடமை. வழிபடும் உரிமைக்கு எல்லை உண்டு என்பதைச் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்சநீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் சொல்லிவிட்டது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனியில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கு அது. பிறருடைய அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதத்துக்கும் உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஜெபத்தை அது நிறுத்தவில்லை. ஒலியின் அளவைத்தான் கட்டுப்படுத்தியது. நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவையே என்பதை, இதைப் படித்துத் தலையாட்டும் சகோதரர்கள் ஸுபுஹுக்கு முன் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்நிய நாட்டுக் கட்டடத்தின் புகையைப் பற்றி மனு எழுதக் கிளம்பியவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு முறை பார்க்கட்டும். தலைக்கு ஊற்றிய கைக்குழந்தையைக் கூடையின் மேல் கிடத்திச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். குழந்தையின் நுரையீரலுக்கு அது கேடு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் சன்னலை அடைத்துவிட்டுக் கரித்தணலை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குபவர்கள் இன்றும் உண்டு. அந்தத் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உறங்கியவர் எழுவதில்லை. தர்காக்களில் ஊதுபத்திக் கட்டுகள் எரிவது பச்சைப் போர்வைகளுக்கு ஒரு சாண் தொலைவில். தீயணைப்பான் எங்கே என்று நிர்வாகியைக் கேட்டுப் பாருங்கள்.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலை, தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன்பின்தான் அரசு வந்தது, நீதிமன்றம் வந்தது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. தீ வரும் முன் ஜமாஅத்தார் யாராவது அந்தக் கொட்டகைக் கூரையை நிமிர்ந்து பார்த்திருந்தால், பூட்டின் சாவி யாரிடம் என்று கேட்டிருந்தால், அந்த மனிதர்கள் தம் வீட்டுக்குத் திரும்பியிருக்கக் கூடும்.

மனு கேட்ட பெற்றோருக்கு நாம் வேறொரு கடிதம் எழுதித் தந்திருக்கிறோம். அதில் மூன்று கோரிக்கைகள். தூபச் சடங்குக்கெனக் காற்றோட்டமுள்ள ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும். நேரம் முன்னதாக அறிவிக்கப்பட வேண்டும். அதே கட்டடத்தில் தொழுகை அறையும் வுளூ செய்யும் இடமும் வேண்டும். பூர்வகுடி மாணவர் சங்கத்தின் கையெழுத்தையும் கேட்டு வாங்கி, இரு தரப்பும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். இருவர் அதை வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வாங்காமலே எழுந்து போனார்.